பெருங்காயப் புட்டியும் வெள்ளைக் கையுறையும்: ஆஸ்டர் பிளேஸ் கலவரம், 1849

1849 மே 7, திங்கட்கிழமை இரவு. நியூயார்க் நகரில் ஒரே நேரத்தில் மூன்று மேடைகளில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் நடந்துகொண்டிருந்தது. பவரி தியேட்டரில் தாமஸ் ஹாம்ப்ளின், பிராட்வே தியேட்டரில் அமெரிக்க நடிகர் எட்வின் ஃபாரஸ்ட், ஆஸ்டர் பிளேஸ் ஆப்பரா ஹவுசில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த வில்லியம் சார்லஸ் மேக்ரெடி.

மேக்ரெடி மேடையில் தலைகாட்டியதும் அழுகிய முட்டைகள் பறந்து வந்தன. பின்னாலேயே உருளைக்கிழங்கு, ஆப்பிள், எலுமிச்சை, செப்புக் காசு, செருப்பு. ஒரு புட்டி வந்து விழுந்து உடைந்தது. உள்ளே இருந்தது பெருங்காயம். நாம் சாம்பாரில் சிட்டிகையாகப் போடும் சரக்குக்கு ஐரோப்பாவில் 'பேயின் சாணம்' என்றே ஒரு பெயர் உண்டு. அடைத்த அரங்கில், காஸ் விளக்குகளின் வெக்கையில், அந்த நாற்றம் எப்படிப் பரவியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். "மன்னிப்பு வேண்டாம், காலம் கடந்துவிட்டது" என்று எழுதிய பதாகையைச் சிலர் விரித்துப் பிடித்தார்கள். தன் குரல் யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் மேக்ரெடி வாயை மட்டும் அசைத்து, ஊமைக்கூத்தாக நாடகத்தைத் தொடர்ந்தார். இந்த மனிதரின் அகந்தையைப் பற்றி எழுதாதவர் இல்லை. அன்றைய துணிச்சலையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். மேல்மாடியிலிருந்து நாற்காலிகள் வந்து விழத் தொடங்கிய பிறகுதான் திரை இறங்கியது.

சற்றுத் தள்ளி, பிராட்வே தியேட்டரில் ஃபாரஸ்டின் மேக்பெத் ஐந்தாம் அங்கத்துக்கு வந்துவிட்டான். மருத்துவனிடம் அவன் ஒரு கேள்வி கேட்பான்: இந்த ஆங்கிலேயரை இங்கிருந்து கழுவி வெளியேற்ற எந்த ரேவல்சின்னி, எந்த நிலாவரை, எந்தப் பேதி மருந்து உதவும்? அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஆரவாரித்தது. சுமார் 240 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆங்கிலேயர் எழுதிய வசனம், அன்று நியூயார்க்கில் ஆங்கிலேயருக்கு எதிரான முழக்கமாகிவிட்டது. (அந்த நிலாவரையின் ஒரு வகை இன்றும் உலக மருந்துச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரில்தான் விலைபோகிறது.)

மூன்று நாள் கழித்து, மே 10 இரவு, ஆஸ்டர் பிளேசில் ராணுவத் துப்பாக்கிகள் வெடித்தன. இறந்தவர்களின் கணக்கு 22 முதல் 31 வரை மாறுகிறது. இரண்டு நடிகர்களின் பொறாமையால் வந்த கலவரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் வழக்கம். பொறாமை இருந்தது உண்மை. ஆனால் பொறாமை நெருப்புக்குச்சி மட்டுமே. வைக்கோல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நாடகக் கொட்டகை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் போய் நிற்கிறது. மேடையில் நிற்பவனுக்கா, கட்டடத்துக்குப் பணம் போட்டவனுக்கா, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவனுக்கா?

நாடகம் ஆகாத நாடு

அமெரிக்கா பிறக்கும்போதே நாடகத்தின் மீது சந்தேகத்தோடு பிறந்த நாடு. 1774இல் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய முதல் காங்கிரஸ், குதிரைப் பந்தயம், சேவல் சண்டை ஆகியவற்றோடு நாடகத்தையும் ஊதாரித்தனத்தின் பட்டியலில் சேர்த்து, மக்கள் அதை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதற்கு முன்பே, கடுமையான கிறித்தவ ஒழுக்கம் பேசிய தூய்மைவாதிகள் செல்வாக்கோடு இருந்த வட பகுதிகளில், நாடகக்காரர்கள் பெயரை மாற்றித்தான் பிழைத்தார்கள். 1761இல் ரோட் ஐலந்தின் நியூபோர்ட்டில் ஒதெல்லோவை 'பொறாமையின் தீமைகளை விளக்கும் ஐந்து பகுதி நீதி உரையாடல்' என்று விளம்பரம் செய்தார்கள். பாஸ்டனில் தடை 1793 வரை நீடித்தது. ஜார்ஜ் வாஷிங்டனோ நாடகப் பித்தர். 1778 வசந்தத்தில், வேலி ஃபோர்ஜ் முகாமிலேயே அவருடைய வீரர்களுக்காக ஒரு நாடகம் போடப்பட்டது.

தடைகள் விலகிய பிறகு மடை திறந்தது போலாயிற்று. ஷேக்ஸ்பியர் அந்த நாட்டில் படித்தவர்களின் சொத்தாக இருக்கவில்லை. 1831இல் பயணம் செய்த பிரெஞ்சுக்காரர் டோக்வில், காட்டோரக் குடிசைகளில்கூட ஷேக்ஸ்பியரின் ஓரிரு தொகுதிகளைக் காண முடிந்ததென்றும், ஐந்தாம் ஹென்றி நாடகத்தைத் தாம் முதன்முதலில் படித்ததே ஒரு மரக்கட்டைக் குடிசையில்தான் என்றும் எழுதினார். ஒரே இரவில் ஹாம்லெட்டும், இடைவேளையில் ஒரு நடனமும், கடைசியில் ஒரு கோமாளிக் கூத்தும் பார்த்துவிட்டு வீடு திரும்புவது வாடிக்கை.

ஆனாலும் உள்ளே ஒரு தாழ்வுணர்ச்சி அரித்துக்கொண்டிருந்தது. 1820இல் பிரிட்டனின் எடின்பரோ ரிவியூ இதழில் ஆங்கிலேய எழுத்தாளர் சிட்னி ஸ்மித், அமெரிக்கப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள், அமெரிக்க நாடகத்துக்கு யார் போகிறார்கள் என்று கேட்டுவைத்தார். அந்த ஏளனம் பத்திரிகை பத்திரிகையாக மேற்கோள் காட்டப்பட்டு, ஆறாத புண்ணாகிவிட்டது.

தரை, மாடம், மேல்மாடி

1849க்கு முந்தைய நியூயார்க் கொட்டகையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மேடைக்கு முன்னால் தரைப் பகுதி. அங்கே பெஞ்சுகளில் தொழிலாளர்கள், கைவினைஞர்கள், இறைச்சிக்கடைப் பையன்கள். சுற்றிலும் மாடங்களில் வசதி படைத்தோர். மூன்றாம் தட்டு பெரும்பாலும் பாலியல் தொழிலாளிகளுக்கும் அவர்களைத் தேடி வருவோருக்கும். உச்சியில் மேல்மாடி, மலிவு டிக்கெட்காரர்களும், தனியாக ஒதுக்கிவைக்கப்பட்ட கறுப்பினத்தவரும் அங்கே. நாடகம் நடக்கும்போது விளக்கை அணைக்கும் பழக்கம் அப்போது இல்லை. மேடை எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு பார்வையாளரும் ஒருவருக்கொருவர் தெரிந்தார்கள். பிடித்த வசனத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள், நடிகர் திரும்பச் சொன்னார். இசைக்குழு என்ன வாசிக்க வேண்டும் என்பதையும் கூச்சல் போட்டே தீர்மானித்தார்கள்.

1802இல், இருபது வயதுகூட ஆகாத வாஷிங்டன் இர்விங், ஒரு புனைபெயரில் நாடகக் கொட்டகை பற்றிப் பத்திரிகையில் எழுதினார். மேல்மாடியின் இரைச்சல் நோவாவின் பேழைக்குள் இருந்த மிருகங்களின் இரைச்சலைப் போல இருந்ததாம். மேலேயிருந்து வந்த அழுகிய ஆப்பிள் ஒன்று தலையைப் பதம் பார்த்ததாம். எழுத்தில் எரிச்சலை விடச் சிரிப்புத்தான் கூடுதல். இந்த இர்விங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 47 ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வருவார்.

இந்தக் கூச்சலுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஃபிரான்செஸ் டிரோலப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1832இல் வெளியிட்ட நூலில், அமெரிக்க அரங்குகளில் கோட்டைக் கழற்றிவிட்டு உட்காருவதையும் எச்சில் துப்புவதையும் கேவலமாக எழுதினார். நாடே கொதித்தது. ஆனால் அதற்குப் பிறகு மாடத்தில் யாராவது முதுகைக் காட்டி உட்கார்ந்தால், தரைப் பகுதியிலிருந்து "டிரோலப்! டிரோலப்!" என்று கத்தி அவரைத் திருத்தினார்கள். திட்டியவளின் பெயரையே கண்டிக்கும் சொல்லாகப் பயன்படுத்திக்கொண்ட கூட்டத்தை வெறும் முரடர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

தண்டனையும் கூட்டத்தின் கையில்தான் இருந்தது. ஆங்கிலேய நடிகர் எட்மண்ட் கீன் 1821இல் பாஸ்டனில், கூட்டம் போதவில்லை என்று மூன்றாம் ரிச்சர்ட் நடிக்க மறுத்துவிட்டுப் போனார். 1825இல் திரும்பி வந்தபோது நியூயார்க்கிலேயே அவரைப் பழங்களால் அடித்தார்கள். பாஸ்டனில் அரங்கத்தையே உடைத்தார்கள். 1834 ஜூலையில், அமெரிக்கர்களை இழிவாகப் பேசியதாக ஓர் ஆங்கிலேய மேடை நிர்வாகி மீது புகார் எழ, பவரி தியேட்டருக்குள் கூட்டம் புகுந்தது. அன்று மேடையில் நடந்துகொண்டிருந்தது ஃபாரஸ்டின் நாடகம். இத்தகைய கலகங்களில் அதிகாரிகள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றார்கள். நடிகர் மன்னிப்புக் கேட்பார், அல்லது கப்பல் ஏறுவார். அதோடு தீர்ந்தது.

இந்தக் 'கூட்டத்தின் உரிமை' எல்லாருக்கும் கிடைத்ததில்லை. 1821இல் வில்லியம் பிரவுன் என்ற கறுப்பினத்தவர் நியூயார்க்கில் ஆப்பிரிக்கன் குரோவ் என்ற அரங்கை நடத்தி மூன்றாம் ரிச்சர்டை மேடையேற்றினார். வெள்ளையர் வந்து கலாட்டா செய்தார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது நடிகர்களை.

சீறல் ஒன்று, கடிதம் ஒன்று

ஃபாரஸ்ட் 1806இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். பாறை போன்ற உடம்பு, இடி போன்ற குரல். 1828இல், இந்த மண்ணின் பூர்வகுடி ஒருவனை நாயகனாகக் கொண்ட ஐந்து அங்கத் துன்பியல் நாடகத்துக்கு 500 டாலர் பரிசு அறிவித்தார். அப்படிக் கிடைத்த மெட்டமோரா அவருக்கு வாழ்நாள் முழுவதும் சோறு போட்டது. ஸ்பார்ட்டகஸாக அவர் அடிமைகளை எழுப்பும்போது பவரிப் பகுதியின் உழைப்பாளிப் பையன்கள் தங்களையே மேடையில் கண்டார்கள். தேசத்தின் சொந்த நாடகம் என்று முழங்கிய அதே ஃபாரஸ்டோடுதான், அந்த ஸ்பார்ட்டகஸ் நாடகத்தை எழுதிக்கொடுத்த ராபர்ட் மாண்ட்கோமரி பேர்ட் பணத் தகராறில் மனம் கசந்து விலகினார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மேக்ரெடி 1793இல் லண்டனில் பிறந்தவர். பாத்திரத்தை யோசித்து நடிப்பவர். வசனத்துக்கு நடுவே அவர் விடும் மௌனம் அவர் பெயராலேயே பேசப்பட்டது. டிக்கன்சின் நண்பர். நடிப்புத் தொழிலின் மீதே ஒரு வெட்கம் அவருக்கு உண்டு. கனவானாக மதிக்கப்பட வேண்டும் என்ற ஏக்கம் தீரவில்லை. 1826இல் முதல்முறை அமெரிக்கா வந்தபோது இளைஞர் ஃபாரஸ்டின் நடிப்பைப் பார்த்து நன்றாகத்தான் மதிப்பிட்டார். இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்துண்ட காலமும் இருந்தது.

1845இல் லண்டனில் ஃபாரஸ்டின் மேக்பெத்தைப் பார்வையாளர்கள் சீறி அவமதித்தார்கள். மேக்ரெடியின் சதி என்று ஃபாரஸ்ட் முடிவுகட்டினார். அதற்கு ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை. 1846 மார்ச் 2, எடின்பரோ. மேக்ரெடியின் ஹாம்லெட், பைத்தியம் போல நடிக்கப்போகும் தருணத்தில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு மேடையில் துள்ளி நடந்தான். மாடத்தில் உட்கார்ந்திருந்த ஃபாரஸ்ட் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகச் சீறினார். செய்ததை மறைக்கவும் இல்லை. டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதி, கைதட்டும் உரிமை உள்ள பார்வையாளனுக்குச் சீறும் உரிமையும் உண்டு என்று வாதாடினார். இந்த வழக்கின் முதல் சட்ட வாதம் அந்தக் கடிதம்தான் என்பேன். பவரியின் தரைப் பகுதி எழுதாமல் வைத்திருந்த சட்டத்தை, ஒரு நடிகர் எழுத்தில் போட்டுவிட்டார்.

1848 இலையுதிர் காலத்தில் மேக்ரெடி விடைபெறும் பயணமாக மீண்டும் வந்தார். ஃபாரஸ்ட் பத்திரிகையில் அவரை வயதாகிப் புத்தி தளர்ந்த உளறுவாயன் என்று எழுதினார். சின்சினாட்டியில் மேல்மாடியிலிருந்து பாதி ஆட்டின் உடல் மேடையில் வந்து விழுந்தது.

கட்டடத்தின் குற்றம்

இனி கட்டடம். ஆஸ்டர் பிளேஸ் ஆப்பரா ஹவுஸ் 1847 நவம்பரில் திறக்கப்பட்டது. பணக்காரர்களின் பிராட்வேக்கும் தொழிலாளர்களின் பவரிக்கும் நடுவே, இரண்டும் நெருங்கிவரும் முனையில். தரைப் பகுதியின் பெஞ்சுகளை எடுத்துவிட்டுச் சந்தாதாரர்களுக்கு இருக்கைகள் போட்டார்கள். மாலை உடை, மழித்த முகம், ஆட்டுக்குட்டித் தோலில் செய்த வெள்ளைக் கையுறை ஆகியவை இருந்தால்தான் நல்ல இடங்களில் அனுமதி. மற்றவர்களுக்குக் குறுகலான படிக்கட்டில் ஏறிப்போகும் மேல்மாடியில் பெஞ்சு.

அதாவது நகரத்தின் நாடகக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர்களைத் தூக்கி உத்தரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இத்தாலிய ஆப்பரா போட்டவரை இது பணக்காரர்களின் கூத்து என்று விட்டுவிட்டார்கள். அதே அரங்கில் ஷேக்ஸ்பியர் வந்தபோதுதான் வினை வந்தது. ஷேக்ஸ்பியர் அவர்களுடையவர், மனப்பாடமாகத் தெரிந்தவர். அவரைக் கையுறை போட்டவர்களுக்கு என்று ஒதுக்கியதும், அதை நடிக்க ஓர் ஆங்கிலேயர் வந்ததும், ஃபாரஸ்டின் அவமானமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

மே 7 முதல் மே 10 வரை

முதல் இரவுக்குப் பிறகு மேக்ரெடி ஊருக்குக் கிளம்பத் தயாரானார். அவரைத் தடுத்தது 47 பேர் கையெழுத்திட்ட ஒரு பகிரங்கக் கடிதம். நகரத்தில் நல்லறிவும் ஒழுங்கும் நிலவுகின்றன, தைரியமாக நடிக்கலாம் என்று அது உறுதியளித்தது. கையெழுத்திட்டவர்களில் இளம் எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் இருந்தார். வாஷிங்டன் இர்விங்கும் இருந்தார்: அழுகிய ஆப்பிளைச் சிரிப்போடு எழுதிய அதே கை.

மறுபக்கம் நகரச் சுவர்களில் ஒரு சுவரொட்டி ஏறியது. "உழைக்கும் மக்களே, இந்த நகரத்தை ஆள்வது அமெரிக்கரா, ஆங்கிலேயரா?" இதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர்கள், நியூயார்க் ஜனநாயகக் கட்சியை ஆட்டுவித்த டாமனி அமைப்பின் அடியாள் தலைவர் ஐசையா ரைண்டர்ஸ், நெட் பன்ட்லைன் என்ற புனைபெயரில் மலிவுக் கதைகள் எழுதிய ஈ.இசட்.சி. ஜட்சன். அந்நியர் வெறுப்பில் ஊறிய பூர்வீகவாதிகளும், பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர்களும் இதில் ஒரே பக்கம் நின்றது வேடிக்கை. மற்ற நாட்களில் ஒருவர் மண்டையை ஒருவர் உடைப்பவர்கள். இங்கிலாந்தின் மீதிருந்த கோபம் மட்டும் இருவருக்கும் பொது.

மேயர் கேலப் உட்ஹல் பதவியேற்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மே 10 காலை, நாடகத்தை நிறுத்திவிடுங்கள் என்று அரங்க நிர்வாகிகள் நிப்லோ, ஹேக்கெட் இருவரிடமும் சொல்லிப் பார்த்தார். அவர்கள் மறுத்தார்கள். போலீஸ் மட்டும் போதாது என்று போலீஸ் தலைவர் மேட்செல் கைவிரிக்க, ஜெனரல் சாண்ட்ஃபோர்டின் மாநிலப் படை தயாராக வைக்கப்பட்டது.

மாலையில் பத்தாயிரம் பேருக்கு மேல் அரங்கைச் சூழ்ந்தார்கள். பக்கத்தில் சாக்கடை வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் கற்களுக்குப் பஞ்சமில்லை. உள்ளே கலாட்டா செய்தவர்களைப் போலீஸ் பிடித்துக் கீழறையில் அடைத்தது. வெளியே ஜன்னல்கள் ஒவ்வொன்றாக நொறுங்கின. நாடகம் மட்டும் நிற்கவில்லை. ஓய்வறைக்குப் போன மேக்ரெடி, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டித் தரையில் குளமாகத் தேங்கியிருப்பதைக் கண்டார். கல்லடியில் குழாய்கள் உடைந்திருந்தன. அதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மேக்பெத்தைக் கடைசிக் காட்சி வரை நடித்துச் செத்துவிட்டு, சக நடிகர் ஒருவரின் உடுப்பை மாற்றிக்கொண்டு, கலைந்து போகும் பார்வையாளர்களோடு பார்வையாளராக வெளியேறினார். விடிவதற்குள் நியூ ரோஷெல் நோக்கி வண்டி, அங்கிருந்து பாஸ்டன், பிறகு கப்பல்.

தெருவில் குதிரைப்படை முதலில் வந்தது. கல்லடியில் குதிரைகள் மிரண்டு சிதறின. பிறகு காலாட்படை, வந்தவர்கள் சுமார் 350 பேர். மேயர் அதற்குள் அருகிலிருந்த ஓட்டலுக்குப் போய்விட்டிருந்தார். சாண்ட்ஃபோர்டும் ஷெரிஃப்பும் முடிவெடுத்தார்கள். முதல் வேட்டு தலைகளுக்கு மேலே. யாரும் விழாததைப் பார்த்த கூட்டம், வெற்றுத் தோட்டா என்று சொல்லிக்கொண்டு முன்னேறியது. சட்டையைக் கிழித்து மார்பைக் காட்டி, ஓர் ஆங்கிலேய நடிகனுக்காகச் சுதந்திர அமெரிக்கனின் உயிரை எடு பார்க்கலாம் என்று ஒருவன் சவால் விட்டதாகச் சொல்வார்கள். அடுத்த வேட்டு தாழ்வாக வந்தது. இறந்தவர்களில் கல்லெறிந்தவர்கள் எத்தனை பேர், வேடிக்கை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்தால் கணக்கு வயிற்றைக் கலக்குகிறது. ரயில் வண்டியிலிருந்து இறங்கி நின்றவரையும் குண்டு விடவில்லை.

தீர்ப்புகள்

பிணவிசாரணை ஜூரி இரண்டு வாக்கியங்களில் இரு பக்கமும் பேசியது: சூழ்நிலையைப் பார்த்தால் சுட உத்தரவிட்டது நியாயமே; போலீசாரை இன்னும் அதிகமாக இறக்கியிருந்தால் படையே தேவைப்பட்டிருக்காது. இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் முதலில் எழுதியிருப்பேன். உள்ளேயும் வெளியேயுமாக 250 போலீசாரை வைத்துக்கொண்டு, நாடகத்தை நிறுத்தவும் துணியாமல், தெருவை முன்கூட்டியே அடைக்கவும் செய்யாமல், கடைசியில் துப்பாக்கியை நம்பியது நிர்வாகத்தின் தோல்வி.

செப்டம்பரில் நீதிபதி சார்லஸ் டேலி முன் ஜட்சன் உள்ளிட்ட பத்துப் பேர் மீது விசாரணை நடந்தது. ஃபாரஸ்டின் பழைய கடிதம் கிளப்பிய அதே கேள்வி இங்கும் எழுந்தது: சீறும் உரிமை எங்கே முடிகிறது? நாடகம் பிடிக்காமல் அந்த நொடியில் கூச்சலிடுவது ஒன்று. ஒருவரை மேடையிலிருந்தே விரட்ட டிக்கெட் வாங்கிப் பங்கிட்டு ஆள் சேர்ப்பது வேறு. ஜட்சனுக்கு ஓராண்டுச் சிறையும் 250 டாலர் அபராதமும். ரைண்டர்ஸ் பிறகு நடந்த விசாரணையில் தப்பித்துக்கொண்டார், கட்சிக்காரர்கள் அப்படித்தான்.

மேக்ரெடி 1851இல் டிரூரி லேன் அரங்கில் மேக்பெத்தாகவே நடித்து விடைபெற்றார். ஃபாரஸ்டின் கூட்டம் குறையவில்லை. பவரியில் அவர் தியாகி. ஆனால் அந்தக் கூட்டமே மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது. கனவான்களுக்கு ஓர் அரங்கு, உழைப்பாளிகளுக்கு ஓர் அரங்கு, பாட்டுக்கூத்துக்கு ஓர் அரங்கு. விளக்குகள் மங்கின, பேச்சு குறைந்தது. ஆப்பிள் எறிந்த கை, நூற்றாண்டு முடிவதற்குள் நிகழ்ச்சித் தாளைப் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்காரப் பழகிவிட்டது.

ஆப்பரா ஹவுசுக்கு 'படுகொலை அரங்கு' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே அரங்கம் மூடப்பட்டு, கட்டடம் மெர்க்கன்டைல் நூலகத்தின் கைக்குப் போனது. கிளின்டன் ஹால் என்று பெயர் மாறியது. 1890இல் அதை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிய கட்டடம் எழுப்பினார்கள். இன்று ஆஸ்டர் பிளேஸ் சுரங்க ரயில் நிலையத்தின் ஒரு நடைமேடையில், அடைத்துப் பூசிய வாசல் ஒன்றின் மேல் 'கிளின்டன் ஹால்' என்ற எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. அதன் வழியாக யாரும் உள்ளே போக முடியாது.